ஆகாயத்தில் கடன் கிடைக்காது

குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது காஸ் தீர்ந்து போகிறது. பரவாயில்லை, பக்கத்து வீட்டு மாமியிடம் பாத்திரத்தைக் கொண்டு போய் இறக்கி வாங்கி வரலாம். காப்பிப் பொடி தீர்ந்தால் ஒரு கரண்டி கைமாற்று. சர்க்கரை தீர்ந்தால் அரை டம்ளர். காரில் போகும்போது பெட்ரோல் தீர்ந்தால்கூட, ஓரமாக நிறுத்திவிட்டு, போகிறவர் வருகிறவர் கையைக் காலைப் பிடித்து ஒரு டப்பா வாங்கி ஊற்றலாம். கடன் வாங்கிச் சமாளிப்பதும், வாங்கியதைக் கணக்காகத் திருப்பிக் கொடுப்பதும் நம் குடித்தனத்தில் பாதி.

ஆனால் ஐயாயிரம் அடி உயரத்தில், ஒரே ஒரு சுழல் விசிறியை நம்பிப் பறக்கிற சின்ன விமானத்தில் பெட்ரோல் தீர்ந்தால்? ஆகாயத்தில் ஓரம் ஏது? பக்கத்து வீட்டு மாமி ஏது?

இந்தக் கவலையெல்லாம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் பெண் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறாள். உத்தியோகம் பார்க்கிற நேரம் போக, சொந்தமாக விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கியிருக்கிறாள். இங்கே சைக்கிள் விடக் கற்றுக்கொண்டபோது முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுத அதே பெண்தான்! விமானம் அவளுடையது அல்ல. நாலைந்து பேர் சேர்ந்து வைத்திருக்கும் ஸெஸ்னா 172. நாலு பேர் உட்காரலாம். நம் ஊர் அம்பாஸிடர் காருக்கு இறக்கை முளைத்தாற்போல் இருக்கும்.

போன வருஷம் ஜூன் மாதம் நான் அங்கே போயிருந்தபோது, கன்ஸாஸ் நகரத்தில் இருக்கும் என் தங்கை பெண்ணுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். தங்கை இப்போது இல்லை. தாயில்லாப் பெண்ணுக்குப் பெரியம்மாதான் தாய். "முதல் வளையல் நீங்கள்தான் போட வேண்டும், பெரியம்மா" என்று அவள் டெலிபோனில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

"நாமே பறந்து போய்விடலாம் அம்மா. அறுநூற்றுச் சொச்சம் மைல்தானே!" என்றாள் என் பெண்.

அன்று முதல் எங்கள் சாப்பாட்டு மேஜை கணக்கு மேஜையாக மாறிவிட்டது. வரைபடம், அளவுகோல், பென்ஸில், ஒரு நோட்டுப் புத்தகம். என் பெண் எழுதிய கணக்கை நான் எட்டிப் பார்த்தேன். அந்த விமானம் காற்றில்லாத நாளில் மணிக்குச் சுமார் 120 மைல் போகும். மணிக்கு 9 காலன் பெட்ரோல் குடிக்கும். இரண்டு இறக்கைகளிலும் சேர்த்து 53 காலன் கொள்ளும். (அமெரிக்கக் காலன் 3.8 லிட்டர், நாம் பழைய நாளில் பார்த்த பிரிட்டிஷ் காலன் 4.5 லிட்டர். இரண்டும் வேறு. படியையும் லிட்டரையும் குழப்பினால் பொங்கல்தான் குழையும்; அங்கே பிராணனே போய்விடும்.)

"ஐம்பத்து மூன்றை ஒன்பதால் வகுத்தால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் வருகிறதே. அறுநூற்றுப் பதினைந்து மைலுக்கு ஐந்தேகால் மணி நேரம் போதும். நிற்காமலே போய்விடலாமே?" என்றார் மாப்பிள்ளை.

என் பெண் சிரித்தாள். "இதில் காற்று எங்கே?" என்றாள்.

அமெரிக்காவில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். நாங்களோ கிழக்கிலிருந்து மேற்கே போகிறோம். ஆற்றில் எதிர்நீச்சல் போடுவது போலத்தான். இருபது மைல் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், 120 மைல் போகும் விமானம் தரையைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் 100 மைல்தான் போகும். பெட்ரோல் மட்டும் அதே ஒன்பது காலன்!

"போகும்போது இழந்ததைத் திரும்பும்போது அந்தக் காற்றே தந்துவிடாதோ?" என்று கேட்டேன்.

"நீயே போட்டுப் பார் அம்மா" என்று பென்ஸிலைக் கொடுத்தாள். அறுநூறு மைல் என்று வைத்துக்கொண்டேன். காற்றில்லாமல் போக ஐந்து மணி, வர ஐந்து மணி; ஆகப் பத்து. காற்றோடு போக 100 மைல் வேகத்தில் ஆறு மணி. திரும்ப 140 மைல் வேகத்தில் நாலு மணி பதினேழு நிமிஷம். கூட்டினால் பத்து மணி பதினேழு நிமிஷம்! வாங்கினதை முழுசாகத் திருப்பிக் கொடுக்காத ஆசாமி இந்தக் காற்று. நம்மில் யாருக்குத்தான் அப்படி ஒருவரைத் தெரியாது?

இது போக, தரையில் ஊர்ந்து போகக் கொஞ்சம், மேலே ஏற அதிகப்படி கொஞ்சம், மழை மேகத்தைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தால் அதற்குக் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். பகலில் பறப்பவர், போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அரை மணி நேரம் பறக்கிற அளவு பெட்ரோல் மிச்சம் இருக்கும்படியாகத்தான் புறப்படலாம். இரவானால் முக்கால் மணி. என் பெண் சட்டத்துக்கு மேலே தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். பகலோ இரவோ, ஒரு மணி நேரம்.

"அது என்னுடையது இல்லை அம்மா. டாங்கில் இருக்கும். ஆனால் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்" என்றாள்.

அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் நான் வைத்திருந்த பத்து ரூபாய் நோட்டு நினைவுக்கு வந்தது. எந்தத் தீபாவளிக்கும் அதை எடுத்ததில்லை. ஒரே ஒரு நாள், நடு ராத்திரியில் இவளுக்கு ஜுரம் வந்தபோது எடுத்தேன்.

ஆகவே இல்லினாய் மாநிலத்தில், சுமார் 350 மைல் தள்ளி, ஒரு சின்ன விமான நிலையத்தில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்வதென்று முடிவாயிற்று. பம்பு வேலை செய்கிறதா என்று முதல் நாளே டெலிபோனில் கேட்டும் வைத்தாள். அதோடு விட்டாளா? அங்கே கிடைக்காவிட்டால் எங்கே என்று, அதற்கு முப்பது மைல் முன்னால் இருக்கும் இன்னொரு ஊரையும் நோட்டில் எழுதி வட்டம் போட்டாள்.

பிறகு வந்தது ஒரு தர்மசங்கடம். "அம்மா, உன் எடை என்ன?" என்றாள். பெண்களிடம் வயதைக் கேட்கக் கூடாது என்பார்கள். எடையைக் கேட்கலாமோ? அதுவும் மாப்பிள்ளையின் முன்னிலையில்! கேட்டதோடு நிற்காமல் தராசிலும் ஏற்றிவிட்டாள். 53 காலன் பெட்ரோலின் எடை 318 பவுண்டு, அதாவது 144 கிலோ. டாங்கை நிரப்பினால் மனிதர்களும் மூட்டைகளும் சேர்ந்து 245 கிலோவுக்கு மேல் அந்த விமானம் தாங்காது. எங்கள் மூன்று பேரையும் கழித்தால் சாமானுக்கு மிஞ்சியது 24 கிலோ. நானோ முறுக்கு, அதிரசம், திரட்டுப்பால், வெள்ளித் தட்டு, ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி வளையல் என்று 38 கிலோ கட்டி வைத்திருந்தேன்.

"கொஞ்சம் பெட்ரோலைக் குறைத்தால் என்ன?" என்றேன், அதிரச டப்பாவைப் பார்த்துக்கொண்டே.

"பட்சணத்தைப் பார்ஸலில் அனுப்பலாம் அம்மா. பெட்ரோலை நடு வானத்துக்கு யார் பார்ஸலில் அனுப்புவார்கள்?"

அதிரசம் பின்தங்கியது. வளையல் ஏறிக்கொண்டது.

இந்தக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1927-ஆம் வருஷம் மே மாதம் லிண்ட்பர்க் தன்னந்தனியே நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் பறந்தாரே, புறப்படும்போது அவருடைய விமானத்தின் மொத்த எடையில் பாதிக்கு மேல் பெட்ரோல்தான். 451 காலன்! டாங்கை அவருக்கு முன்னால் வைத்துவிட்டபடியால் எதிரே பார்க்க ஜன்னலே இல்லை. பெட்ரோலுக்கு இடம் வேண்டும் என்று பாரசூட்டையும் ரேடியோவையும் வேண்டாம் என்றுவிட்டார். முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்து இறங்கியபோது அவரிடம் 85 காலன் மிச்சம் இருந்தது. தைரியசாலி என்று உலகம் கொண்டாடியது. கணக்குப்பிள்ளை என்று நான் கொண்டாடுகிறேன்.

நம் நாட்டிலும் 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஒரு குட்டி விமானத்தில் வந்தார். வழியில் ஆமதாபாத்தில் இறங்கியபோது, அவருக்குப் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில், டின் டின்னாக! அந்தத் தபால்தான் பிறகு இன்னொரு விமானி கையில் சென்னை வரை வந்து சேர்ந்தது. விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தால் என்ன, மாட்டு வண்டி வந்தால்தான் மேலே பிரயாணம்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரக் கதையும் உண்டு. அமீலியா இயர்ஹார்ட் என்ற வீராங்கனை உலகத்தைச் சுற்றி வரப் புறப்பட்டு, கராச்சி, கல்கத்தா எல்லாம் தாண்டி, 1937 ஜூலை 2-ஆம் தேதி நியூகினியிலிருந்து பஸிபிக் சமுத்திரத்தில் ஹௌலண்ட் என்ற தீவுக்குக் கிளம்பினார். 2,500 மைலுக்கு மேல். தீவோ இரண்டு மைல் நீளம்கூட இல்லை. அருகில் காத்திருந்த கப்பலுக்கு, தீவு கண்ணுக்குத் தெரியவில்லை, பெட்ரோல் குறைந்துகொண்டே வருகிறது என்று ரேடியோவில் குரல் வந்தது. அதற்குப் பிறகு அவரையும் உடன் சென்ற வழிகாட்டி நூனனையும் யாரும் பார்க்கவில்லை.

அவர் முடிக்காததை முடித்தவர் யார் தெரியுமா? என் பெண் இருக்கும் அதே கொலம்பஸ் நகரத்துக் குடும்ப ஸ்திரீ ஒருவர். ஜெர்ரி மாக் என்று பெயர். மூன்று குழந்தைகளுக்குத் தாய். வீட்டில் இருந்து இருந்து அலுத்துப் போயிற்று என்று ஒரு நாள் கணவரிடம் சொன்னாராம். "அப்படியானால் விமானத்தை எடுத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிவிட்டு வாயேன்" என்று அவர் வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். புருஷர்கள் வேடிக்கை பேசும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! 1964 மார்ச் 19-ஆம் தேதி, பதினொரு வருஷப் பழைய ஸெஸ்னா 180 விமானத்தில் தன்னந்தனியே கிளம்பி, டில்லி, கல்கத்தா வழியாக உலகத்தைச் சுற்றி, 29 நாளில், ஏப்ரல் 17-ஆம் தேதி ஊர் வந்து சேர்ந்தார். சுமார் 23,000 மைல். தனியாக உலகைச் சுற்றிப் பறந்த முதல் பெண் அவர்தான். பாவாடையும் ரவிக்கையுமாக, பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர் போல உடுத்திக்கொண்டு போனார்.

அந்த விமானத்தில் வழக்கமாக 60 காலன்தான் கொள்ளும். ஹானலூலுவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சமுத்திரத்தின் மேலேயே 2,400 மைல்! என்ன செய்தார்? கூட வருகிறவர்கள் உட்காரும் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெரிய அலுமினிய டாங்குகளைப் பொருத்திக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு, இரவில், துணைக்கு ஆளில்லாமல், கடல் மேல்!

இப்படிக் கடல் தாண்டுகிறவர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார்கள். 'இதற்கு மேல் திரும்ப முடியாது' என்கிற புள்ளி. பத்து மணி நேரத்துப் பெட்ரோல் கையில் இருக்கிறது, எதிர்க்காற்று இருபது மைல் என்றால், திரும்பி வரும் எண்ணம் உள்ளவர் ஐந்து மணி ஐம்பது நிமிஷம், அதாவது 583 மைல் வரைதான் போகலாம். அதைத் தாண்டினால் முன்னால் போவதைத் தவிர வேறு வழி கிடையாது. தாண்டுவதற்கு முன்னால் எஞ்சின் சத்தம், காற்று, வானிலை, மனசு எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணத்தில் தாலி முடிவதற்கு முந்தின நிமிஷம் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வளையல் அடுக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு. விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தோம். மூடுபனி விலக ஒன்பதரை ஆகிவிட்டது. அதனாலும் மோசமில்லை, கன்ஸாஸ் நகரத்துக் கடியாரம் கொலம்பஸுக்கு ஒரு மணி பின்னால்.

கிளம்புமுன் என் பெண் இறக்கை மேல் எட்டி ஏறி, டாங்குக்குள் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தாள். "முள் காட்டுகிறதே?" என்றார் மாப்பிள்ளை. "முள் சொல்வதைக் கேட்பேன், குச்சி சொல்வதை நம்புவேன்" என்றாள். ஊறுகாய் ஜாடியில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து மதிப்புப் போடாமல் கரண்டி விட்டுப் பார்க்கிறோமே, அதுதான். பிறகு டாங்கின் அடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். இளநீலமாக, சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் குமிழியாக அடியில் தங்கும்; வேறு எண்ணெய் கலந்திருந்தால் நிறம் மாறும். மூடியை இறுக்கித் திருகி, இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். மூடி தளர்ந்தால் மேலே ஓடும் காற்றே பெட்ரோலை உறிஞ்சிவிடுமாம்.

மேலே போனதும் அரை மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுதினாள். மணி, இடம், செலவு, மிச்சம். நம் பால் கணக்குத்தான். பதினைந்து மைல் என்று சொல்லியிருந்த எதிர்க்காற்று முப்பத்தைந்தாக வீசியது. கீழே நெடுஞ்சாலையில் போன கார்கள் எங்களோடு போட்டி போட்டன. மூன்றரை மணியில் போக வேண்டிய இடத்துக்கு நாலு மணிக்கு மேல் ஆயிற்று.

இறங்கினோம். பம்பு வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆளும் இல்லை.

அவள் மறுபடியும் குச்சியை விட்டுப் பார்த்தாள். 14 காலன். ஒன்றரை மணி நேரம். மாப்பிள்ளை வரைபடத்தைப் பிரித்தார். "முன்னால் நூறு மைலில் ஓர் ஊர் இருக்கிறது. போகிற வழிதான். நேரமும் வீணாகாது" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

என் பெண் பென்ஸிலை எடுத்தாள். நூறு மைலுக்கு இந்தக் காற்றில் ஒரு மணி பத்து நிமிஷம். மேலே ஏறுகிற செலவு வேறு. மிஞ்சுவது கால் மணி. பின்னால் முப்பது மைலில் வட்டம் போட்ட ஊர், காற்று முதுகில் தள்ளும், பன்னிரண்டு நிமிஷம்.

"பின்னால் போகிறோம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, முதல் வளையலுக்கு நாம் போய்ச் சேர மாட்டோம்" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. கை நடுங்கவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தங்கையின் முகம் கண் முன்னால் வந்து போயிற்று. அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? "குழந்தைகள் பத்திரமாக வரட்டும் அக்கா" என்றுதான் சொல்லியிருப்பாள்.

கன்ஸாஸ் நகரத்தில் வீட்டு வாசலை மிதித்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது. சொன்ன நேரத்தில் வளைகாப்பு நடந்து முடிந்து, வந்தவர்களில் பாதிப் பேர் போயாகிவிட்டது. முதல் வளையலை மாப்பிள்ளை வீட்டு அத்தை போட்டிருந்தார். அதுதான் முறை. தங்கை பெண் நிறை வயிற்றோடு எழுந்து வந்தாள். வலது கை நிறைய வளையல். இடது கையை நீட்டினாள். வெறுங்கை.

"இந்தக் கை உங்களுக்கு என்று வைத்திருக்கிறேன், பெரியம்மா. எவ்வளவு நேரமானால் என்ன?"

சிவப்பும் பச்சையுமாக ஒவ்வொன்றாகப் போட்டேன். என் பெண் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தாள். அவள் விரலில் இன்னும் பெட்ரோல் வாசனை இருந்தது.

ஜெர்ரி மாக் 2014-இல் காலமானார். அவருடைய விமானம் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. கொலம்பஸ் விமான நிலையத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். சிலைக்குக் கீழே ஊர்களின் பெயரைவிட, அவர் ஒவ்வோர் ஊரிலும் இறங்கியபோது டாங்கில் எத்தனை காலன் மிச்சம் இருந்தது என்று எழுதியிருக்கலாம் என்று தோன்றியது.

இப்போதும் என் பெண் பறக்கிறாள். பறந்து இறங்கினதும் எனக்குச் செய்தி அனுப்புவாள். முன்பெல்லாம் "சௌக்கியமாகச் சேர்ந்தாயா?" என்று பதில் அனுப்புவேன். சேர்ந்ததால்தானே செய்தி வருகிறது! அதனால் இப்போது வேறு கேள்வி கேட்கிறேன்.

"மிச்சம் எவ்வளவு?"

போன வாரம் பதில் வந்தது: "பதினேழு காலன். நீ நிம்மதியாகத் தூங்கு அம்மா."

தூங்கினேன்.